அரைப்பேர் தொரை

பதுளையிலிருந்து அப்புத்தளை வரைக்கும் எந்தத் தோட்டத்துக்குப் போய் ‘அரைப்பேர் தொரை’ என்று சொன்னாலும் ஜனங்கள் முதலில் வைவார்கள், பிறகு சிரிப்பார்கள். இராமையா என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான்.

இராமையாவுக்கு ஐம்பத்து நாலு வயது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் மெஷினோடு இருபத்தாறு வருஷமாக மல்லுக்கட்டுகிறவர். பேச்சு குறைவு. வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த காம்பராக்காரர் வம்புக்கு வந்து நின்றாலும், “சரிங்க, விடுங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். அப்படிப்பட்ட சாது, ஞாயிற்றுக்கிழமையோ பௌர்ணமி விடுமுறையான போயா நாளோ வந்துவிட்டால் காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, தலையில் பெரிய தொப்பி, கையில் பிரம்பு, கக்கத்தில் பெரட்டுப் புத்தகம் என்று மல்யுத்த மேடையில் ஏறுவார். ஏறின நிமிஷத்திலிருந்து அவர்தான் தோட்டத்துத் துரை, சனத்துக்கெல்லாம் எதிரி.

விடியற்காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பதுதான் பெரட்டு. பொழுதுக்கும் வேலை செய்தால் புத்தகத்தில் முழுப்பேர் விழும். பிந்தி வந்தாலோ, பாதியில் போனாலோ, கொழுந்து குறைந்தாலோ அரைப்பேர், அரை நாள் சம்பளம். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்ற ஒருத்தியை ஒரு பென்சில் கீறலில் அரை ஆளாக்கிவிடலாம். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ தெரியாது. நல்ல கதிக்குப் போயிருக்கமாட்டான்.

இராமையாவும் முதலில் நல்லவனாகத்தான் மேடை ஏறினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி பதுளை டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் வாஹித் முதலாளி, தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்து, பலகை, கயிறு, பழைய மெத்தை எல்லாம் சேர்த்து ஒரு மேடை செய்தார். அதை லொறியில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகலாம் என்பது அவர் எண்ணம். யார் ஜெயிப்பது, யார் தோற்பது எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். விழுவது மட்டும் நிஜம். நல்லவனாக வந்த இராமையாவுக்கு ஒருத்தரும் கை தட்டவில்லை. ஒருநாள் கெட்டவனாக வரவேண்டிய ஆள் வராமல் போக, இராமையா அவசரத்துக்கு ஒரு காக்கிக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஏறி, முன்வரிசையில் இருந்த ஒருவரைப் பிரம்பால் காட்டி, “ஏய், நீ லேட்டு. அரைப்பேர்” என்றார். அவ்வளவுதான், களமே கொதித்து எழுந்தது. தன்னைப் பதினெட்டு வயதில் ஒரு சின்னத்துரை பத்து நிமிஷம் பிந்தியதற்காக நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினானே, அதே குரல் தன் தொண்டையிலிருந்து வந்ததைக் கேட்டு அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

அன்றிலிருந்து அவர் ஒரு விதி வைத்துக்கொண்டார். மேடையில் ஏறினால் இறங்கும் வரைக்கும் துரைதான். கால் சுளுக்கினாலும், மண்டை உடைந்தாலும், இராமையா வெளியே தலைகாட்டக் கூடாது. துரை நன்றாக வெறுப்பேற்றினால்தான் கடைசியில் அவனைத் தூக்கி அடிக்கும்போது சனத்துக்கு வயிறு குளிரும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அங்குள்ள தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, கேலி செய்தால் கோபிக்காத நாலைந்து பேரின் பெயரைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மேடையில் நின்று அந்த நிஜப் பெயர்களைக் கூப்பிட்டு அரைப்பேர் போடுவார். பெயருக்குரிய ஆள் எழுந்து திருப்பி ஏச, சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். வித்தையின் உயிரே அதுதான்.

போன பெப்ரவரியில் தெமோதரைக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போனார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டாம். சொன்னால் அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் தொல்லை. வழியில் மண் சரிந்து றோட்டு அடைத்துக் கிடந்ததால் லொறி போய்ச் சேரும்போது பின்னேரம் மூன்று மணி. பெரட்டுக்களத்திலேயே மேடை போட இடம் கொடுத்திருந்தார்கள். சனம் பன்னிரண்டு மணியிலிருந்து காத்துக்கொண்டிருந்தது. மேலே மழை மூடிக்கொண்டு நின்றது.

“கெதியா போடுங்க, மழ வாறத்துக்குள்ள முடிக்கணும்” என்று வாஹித் முதலாளி பறந்தார். நடுவரும் அவர்தான்.

தேத்தண்ணிக் கடைக்குப் போக நேரமில்லை. பரவாயில்லை என்று நினைத்தார் இராமையா. இரண்டு வருஷத்துக்கு முந்தி இதே தோட்டத்தில் எழுதிய பெயர்கள் புத்தகத்தில் இருந்தன. அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் அவரே ஒரு நட்சத்திரம் கீறி வைத்திருந்தார். இராக்கம்மா. அந்த மனுஷியை அவர் மறக்கவில்லை. அரைப்பேர் என்றதும் எழுந்து நின்று, அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசி, செருப்பைக் கழற்றி எறிந்தாள். தொப்பி பறந்தது. ஆட்டம் முடிந்த பிறகு வில்லனிடம் யாரும் வந்து பேசமாட்டார்கள். அவள் மட்டும் லொறிக்குப் பின்னால் வந்து, “நல்லா நடிச்சீங்க அண்ணே. ஆனா செருப்பு நெசந்தான்” என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளைத்தான் கடைசியாகக் கூப்பிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு மேடை ஏறினார்.

எல்லாம் வழக்கம்போலத்தான் தொடங்கியது. நல்லவனாக வருகிற ரமேஸ் இருபத்தைந்து வயசுப் பையன், பார்க்க லட்சணமாக இருப்பான். சனம் அவனுக்குக் கை தட்டியது, துரைக்கு ஊளையிட்டது. இரண்டு பெயர் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்து ஏசினார்கள். சிரிப்பு களைகட்டியது. இராமையா பக்கத்தைப் புரட்டினார், தொண்டையைக் கனைத்தார்.

“இராக்கம்மா. எங்கே இராக்கம்மா? இன்னிக்கும் லேட்டா? அரைப்பேர்.”

சத்தம் அப்படியே அறுந்தது.

இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவருக்கு எல்லா விதமான சத்தமும் தெரியும். ஊளை தெரியும், விசில் தெரியும், கெட்ட வார்த்தை தெரியும். இந்த மௌனம் தெரியாது. முன்வரிசையில் ஒரு கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்து அழுத்தினாள். பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் நிதானமாகச் சொன்னது: “அவனக் கீழ எறக்குங்கடா.”

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் மேடைக்குக் கீழே வந்து நின்றாள். இருபது, இருபத்தொரு வயதிருக்கும். நெற்றியும் தாடையும் இராக்கம்மாவேதான். துஷாந்தினி என்று யாரோ கூப்பிட்டுக் கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டாள்.

“இராக்கம்மா எங்க அம்மா” என்றாள். “நாலு மாசத்துக்கு முந்தி இதே பெரட்டுல பிந்தி வந்துருச்சுன்னு நிக்க வச்சாங்க. அரைப்பேரு வேணாம்னா பதினாறாம் நம்பர் மலைக்குப் போன்னாங்க. அங்கன குளவிக் கூடு இருக்குன்னு ஒருத்தரும் போகல. அம்மா போச்சு. முழுப்பேருக்காகப் போச்சு. பதினொரு மணிக்குக் குளவி கொட்டிச் செத்துருச்சு.”

இராமையாவின் கை தானாகத் தொப்பிக்குப் போனது. கழற்ற வேண்டும், கும்பிட வேண்டும், தெரியாமல் செய்துவிட்டேன் தாயே என்று விழ வேண்டும். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“அன்னிக்குப் புத்தகத்துல என்ன போட்டாங்க தெரியுமா தொரை?” என்று கேட்டாள் துஷாந்தினி. “மத்தியானத்துக்கு முந்தியே விழுந்துருச்சாம். அரைப்பேரு போட்டாங்க. தொரையோட கந்தோருக்குப் போயிக் கேட்டேன். நாளைக்கு வான்னாங்க. நாலு மாசமா நாளைக்கு வான்னுதான் சொல்றாங்க.”

பிறகு அவள் கையை நீட்டினாள்.

“முழுப்பேரு போடுங்க.”

தொப்பியைத் தொட்ட கை அங்கேயே நின்றது. அப்போதுதான் இராமையா ஒன்றைக் கவனித்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய கக்கத்தில் இருந்த புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நாடகப் புத்தகம் என்று அவளுக்குத் தெரியாதா? பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் கேட்கிறாள் என்றால், இராமையாவிடம் கேட்கவில்லை. ஸ்பிரிங்வெளி இராமையா அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, அவன் மன்னிப்புக் கேட்டு அவளுக்கு என்ன ஆகப்போகிறது? அவளுக்குத் துரையோடுதான் கணக்கு இருக்கிறது. அந்தத் துரை மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு எழுந்து வரவே மாட்டான். இவர்தான் வந்திருக்கிறார்.

இன்னொன்றும் தோன்றியது. அவள் கேட்டதும் இவர் மனமிரங்கி முழுப்பேர் எழுதிக் கொடுத்துவிட்டால், அது துரை போட்ட பிச்சையாகிவிடும். இராக்கம்மா பிச்சை வாங்கினவளில்லை.

இராமையா தொப்பியைக் கழற்றவில்லை, இன்னும் நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டார். துரையின் குரலை வெளியே கொண்டுவந்தார்.

“முடியாது. பதினொரு மணிக்கு விழுந்தா அரைப்பேர்தான். சட்டம் அப்படி. வீட்டுக்குப் போ. நாளைக்கு வா.”

அதற்குப் பிறகு பெரட்டுக்களத்தில் எழுந்த சத்தத்தை அவர் ஆயுசுக்கும் மறக்கமாட்டார். முதல் கல் தோளில் பட்டது. இரண்டாவது புருவத்தில் பட்டுத் தோல் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஆம்பிளைகள் மேடைக் கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினார்கள். ஒருவன் கையில் வேலிக் கம்பு. வாஹித் முதலாளி விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார்.

ரமேஸ் ஓடிவந்து சட்டையைப் பிடித்தான். பார்க்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கட்டும் என்று கழுத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு காதருகே கேட்டான்: “அண்ணே, கிறுக்குப் புடிச்சிருச்சா? கொன்னுருவாங்க. மன்னிப்புக் கேட்டுட்டு எறங்குங்க.”

“தம்பி, நீ என்னைய அடிக்காத” என்றார் இராமையா உதட்டை அசைக்காமல். “அந்தப் புள்ளய மேல ஏத்து. அவ அடிக்கணும். வேற ஒருத்தரையும் ஏற விடாத.”

நாலு வருஷம் அவரிடம் விழுந்து எழுந்து பழகினவன் ரமேஸ், புரிந்துகொண்டான். கயிற்றருகே போய் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

“ஒருத்தரும் ஏற வேணாம்! இது அந்தத் தங்கச்சிக்கும் தொரைக்கும் உள்ள வழக்கு. அவ மட்டும் வரட்டும்.”

கம்பு வைத்திருந்தவன் கேட்கவில்லை. ஒரு காலைப் பலகையில் வைத்துவிட்டான். ரமேஸ் அவனுடைய நெஞ்சில் கையை வைத்தான். இருவரும் அப்படியே நின்றார்கள். அவன் ஏறியிருந்தால் பின்னால் ஐம்பது பேர் ஏறியிருப்பார்கள், இராமையாவின் கதை அன்றோடு முடிந்திருக்கும். முன்வரிசைக் கிழவர்தான் எழுந்து, “எறங்குப்பா. புள்ள போகட்டும்” என்றார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்தான்.

துஷாந்தினி மேலே வந்தாள். அவள் சண்டைக்காரி இல்லை. பதுளையில் ஒரு மருந்துக் கடையில் நின்று வேலை செய்கிற பிள்ளை. பலகை ஆடியதில் ஒருதரம் தடுமாறினாள். இராமையாவுக்கு முன்னால் வந்து நின்று, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எங்கம்மா பேர முழுசாப் போடு.”

‘போடுங்க’ போய்விட்டது. நல்லது என்று நினைத்துக்கொண்டார் இராமையா. பிரம்பால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினார். ரத்தம் வழிகிற முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு கஷ்டப்பட்டு அவர் எதையும் செய்ததில்லை.

“செத்தவளுக்கு எதுக்கு முழுப்பேர்?” என்றார்.

அவள் அறைந்தாள்.

மேடை அடி என்றால் அவருக்குத் தெரியும். கை வரும்போதே கன்னத்தைத் திருப்பிவிடலாம், சத்தம் பெரிதாக இருக்கும், வலி இருக்காது. திருப்பவில்லை. முழுசாக வாங்கினார். வாங்கிக்கொண்டு விழுந்தார். முப்பத்தைந்து வயதில் விழுந்த மாதிரி, இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்ப, முதுகு முழுவதும் ஒரேயடியாகப் பலகையில் பட்டது. இடுப்பு வலிக்காக ஆறு வருஷமாக அவர் விட்டுவிட்ட வித்தை அது. பலகை ஒன்று முறிந்தது. மூச்சு நின்று திரும்பி வந்தது. களம் கத்தியது.

“தோள அழுத்துங்க தங்கச்சி” என்று ரமேஸ் சொன்னான். அவள் முழங்காலிட்டு இரண்டு கையாலும் அவர் தோளை அழுத்தினாள். “எண்ணுங்க முதலாளி!”

மூன்று எண்ணும் வரைக்கும் தோள் பலகையில் கிடந்தால் தோல்வி. வாஹித் முதலாளி சுயநினைவுக்கு வந்து மண்டியிட்டுப் பலகையைத் தட்டினார். “ஒண்டு!” சனம் கூடவே எண்ணியது. “ரெண்டு!”

இராமையா தோளைத் தூக்கிவிட்டார்.

சனத்தின் அடிவயிற்றிலிருந்து ஒரு புலம்பல் எழுந்தது. வாஹித் முதலாளி, இந்த மனுஷனுக்கு என்ன பேய் பிடித்திருக்கிறது என்று முழித்தார். ஆனால் இராமையாவுக்குத் தன் தொழில் தெரியும். துரைமார் ஒரே அடியில் விழுந்ததாக எங்கேயும் கிடையாது. சும்மா கிடைத்தது வீட்டுக்குப் போகும் வழியிலேயே கரைந்துவிடும். எழுந்துவிடுவேன், எழுந்துவிடுவேன் என்று காட்டினார். பாதி எழுந்தும் விட்டார்.

துஷாந்தினி அலறினாள். அதில் வார்த்தை இல்லை. நாலு மாசமாகக் கந்தோர்ப் படியில் நின்று விழுங்கினதெல்லாம் அதில் இருந்தது. முழு உடம்பின் பாரத்தையும் போட்டு அவரைத் திரும்பப் பலகையில் சாய்த்தாள். நகம் அவர் தோளில் இறங்கியது. இந்தத் தடவை அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே எழுந்திருக்க முடியவில்லை.

“ஒண்டு!” என்றார் வாஹித் முதலாளி. “ரெண்டு!” என்றது களம். மூன்று சொன்னது யார் என்று தெரியவில்லை, மலையே சொன்ன மாதிரி இருந்தது.

ரமேஸ் புத்தகத்தையும் பென்சிலையும் கொண்டுவந்து இராமையாவின் மார்பில் வைத்தான். “போடு! போடு!” என்று ஒன்றிரண்டு குரல் மட்டும் கேட்டது. இராமையா மல்லாந்தபடியே, ஒற்றைக் கண்ணால் பார்த்து, அரைப்பேரை அடித்துவிட்டு எழுதினார். தோற்ற துரையின் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படியாகப் படித்தார்.

“இராக்கம்மா. முழுப்பேர்.”

யாரும் கை தட்டவில்லை. முன்வரிசைக் கிழவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தூறல் விழத் தொடங்கியது. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

துஷாந்தினி தோளிலிருந்து கையை எடுத்தாள். அவருடைய புருவத்து ரத்தத்தை அப்போதுதான் கண்டவள் போலத் தாவணி முனையைக் கொண்டுவந்தாள்.

“நல்லா அடி பட்டுருச்சாங்க?” என்றாள் மெல்ல.

“தொடாதம்மா, பாத்துக்கிட்டிருக்காங்க” என்றார் இராமையா வாய்க்குள்ளே. “தொரைக்கு நீ எரக்கம் காட்டக் கூடாது.”

அவள் தலையாட்டினாள். எழுந்திருக்கப் போனவள் எழவில்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“நாலு மாசமா அம்மா மலையிலயே நிக்கிற மாதிரி இருந்துச்சுங்க. இப்பதான் வேல முடிஞ்சு லயத்துக்கு வந்துருச்சு.”

அவள் இறங்கிப் போகிற வரைக்கும் இராமையா கண்ணைத் திறக்கவில்லை. பிறகு ரமேஸ் கைகொடுத்தபோதும் எழுந்திருக்கவில்லை. துரை அழுகிறதை அந்தச் சனம் பார்த்துவிடக் கூடாதே என்று குப்புறப் புரண்டு, முறிந்த பலகையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மழை நன்றாகப் பிடிக்கும் வரைக்கும் அங்கேயே கிடந்தார்.